மணிக்கட்டின் கணக்கு

மரக்காணத்தை நெருங்கும் இடத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் உப்பளங்கள். பாத்தி பாத்தியாக வெயிலுக்குக் காத்துக் கிடக்கும் தண்ணீர். நடுவே நேராகப் போகிறது சாலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. அக்கா மகன் வண்டியை ஓரங்கட்டி இறங்கினான்.

"இனிமே நீங்க ஓட்டுங்க மாமா. ஆனா பாத்து முறுக்குங்க. இது உங்க பழைய வண்டி இல்ல."

அவன் வண்டி வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர். 648 சிசி, இரண்டு சிலிண்டர், 47 குதிரைத்திறன், 200 கிலோவுக்கு மேல் எடை. நான் பன்னிரண்டு வருடமாக ஓட்டிவந்தது 100 சிசி வண்டி. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டதும், அரிசி மூட்டையை டேங்க்மேல் வைத்துக் கொண்டுவந்ததும், மழையில் வேளச்சேரித் தண்ணீரைக் கடந்ததும் அதில்தான். என் வலது மணிக்கட்டுக்கு வண்டி ஓட்டுவது என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தது அந்தச் சின்ன வண்டி.

கிளட்சை விட்டு, முதல் கியரில் நகர்த்தி, இரண்டாவதுக்கு மாற்றினேன். முள் 30-இல் இருந்தது. முன்னால் மீன் ஏற்றிய ஒரு 'சின்ன யானை' சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. எதிரே சாலை காலி. முந்துவதற்காக முறுக்கினேன். கால் திருப்புகூட இருக்காது. பழைய வண்டியில் எவ்வளவு முறுக்குவேனோ, அவ்வளவுதான்.

மூன்று நொடியில் முள் 70-ஐத் தொட்டது. தோள்கள் பின்னால் போயின. விரல்கள் தாமாகவே பிடியை இறுக்கின. வயிறு ஒரு கணம் பின்தங்கிவிட்டு, பிறகு வந்து சேர்ந்துகொண்டதுபோல் இருந்தது. மீன் வண்டி எப்போது பக்கத்தில் வந்தது, எப்போது கண்ணாடியில் புள்ளியானது என்று தெரியவில்லை. ஹெல்மெட்டின் உள்மெத்தையில் கன்னங்கள் உரசியபோதுதான், நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே புரிந்தது.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? இந்த அத்தியாயம் அதைத் தேடித்தான் போகிறது. எஞ்சினில் தொடங்கி, காதுக்குள் நுழைந்து, மூளையின் பின்புறம் வரை போக வேண்டியிருக்கும்.

ஒரு குதிரைக்கு எத்தனை கிலோ?

நம் ஊரில் வண்டி பற்றிப் பேச்சு வந்தால் முதலில் விழும் சொல் "பிக்கப்". எஞ்சின் எத்தனை சிசி, மைலேஜ் எவ்வளவு என்பதெல்லாம் தாளில் உள்ள எண்கள். பிக்கப் என்பது உடம்பில் உணர்வது. அந்த உணர்வுக்குப் பின்னால் இரண்டு அளவுகள் இருக்கின்றன: முறுக்குவிசை, திறன்.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் எவ்வளவு பெரிய வாளியைத் தூக்க முடிகிறது என்பது முறுக்குவிசை. ஒரு நிமிடத்தில் மொத்தம் எத்தனை குடம் மேலே வந்தது என்பது திறன். எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும் ஒவ்வொரு தள்ளலும் ஓர் இழுப்பு. சராசரி 100 சிசி வண்டியின் முறுக்குவிசை சுமார் 8 நியூட்டன் மீட்டர். அந்த 650-க்கு 52.

ஆனால் பெரிய வண்டி எடையும் கூடியது அல்லவா? அதையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். 100 சிசி வண்டியின் எடை சுமார் 110 கிலோ. 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் 175 கிலோ. 8 குதிரைத்திறன் அதை இழுக்கிறது. அதாவது ஒரு குதிரைக்கு ஏறக்குறைய 22 கிலோ. பெரிய வண்டியும் அதே ஆளும் சேர்ந்தால் சுமார் 280 கிலோ. இழுப்பவை 47 குதிரைகள். ஒரு குதிரைக்கு 6 கிலோ. மூன்றரை மடங்குக்கும் மேல் சுமை குறைந்த குதிரைகள் அவை. பிக்கப் என்று நாம் சொல்வது இந்த விகிதத்தைத்தான்.

ஓசைக்கும் இதில் பங்குண்டு. 1955 முதல் சென்னையில் உருவாகிவந்த புல்லட் 350-இன் ஓசை தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியும். அதற்கு ஒரே சிலிண்டர். அந்த எஞ்சின் நின்ற இடத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 சுற்று சுற்றும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிப்பு நிகழ்கிறது. நொடிக்கு எட்டு எரிப்பு. நொடிக்கு ஏறக்குறைய இருபதைத் தாண்டினால்தான் தனித்தனித் தட்டல்கள் நம் காதில் ஒன்றாகி ஒரே சுருதியாகக் கேட்கத் தொடங்கும். எட்டு என்பது அதற்கு மிகக் கீழே. அதனால்தான் புல்லட்டின் ஒவ்வொரு அடியையும் பறையடிபோல் எண்ணிவிட முடிகிறது. 650-இன் இரண்டு சிலிண்டர்களும் சம இடைவெளியில் எரிவதில்லை. கிராங்க் 270 பாகை சுழன்றதும் ஓர் எரிப்பு, அடுத்தது 450 பாகை கழித்து. ஓர் அடி சீக்கிரம், ஓர் அடி தாமதம். வேகம் கூடும்போது அந்தத் தாளம் இறுகி ஓர் உறுமலாகிறது. முறுக்கிய கணத்திலேயே அந்த மாற்றம் காதுக்கும், கால் வைத்திருக்கும் இரும்பு வழியாகப் பாதத்துக்கும் வந்துவிடுகிறது.

காதுக்குள் இருக்கும் கற்கள்

100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டால், போகிறோமா நிற்கிறோமா என்பதே சரியாகத் தெரியாது. சீரான வேகத்தை உணர நம் உடம்பில் ஒரு கருவியும் இல்லை. வேகம் மாறுவதை உணர மட்டும் உண்டு. அது இருப்பது உள்காதில்.

அங்கே ஒரு கூழ்ப்படலம். அதன்மேல் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய படிகங்கள் பரவிக் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கல்லும் சிப்பியும் எந்தப் பொருளோ அதே பொருள். படலத்துக்கு அடியில் மயிரிழை போன்ற நீட்சிகள் கொண்ட உணர்செல்கள். தலை சட்டென்று முன்னால் நகர்ந்தால், கனமான படிகங்கள் கொஞ்சம் பின்தங்குகின்றன. படலம் இழுபடுகிறது, மயிரிழைகள் சாய்கின்றன, மூளைக்குச் சேதி போகிறது. பேருந்து கிளம்பும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்கிறார்களே, அதே செயல்தான் ஒவ்வொருவர் காதுக்குள்ளும் நடக்கிறது.

இந்தக் கருவிக்கு ஒரு வரம்பு உண்டு. தலையைப் பின்னால் சாய்த்தாலும் படிகங்கள் பின்னால்தான் சரியும். வண்டி முன்னால் பாய்ந்தாலும் பின்னால்தான் சரியும். இரண்டையும் இந்தக் கருவியால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. ஈர்ப்பும் முடுக்கமும் ஒன்றுபோலவே விளைவு தரும் என்பதைத்தான் 1907-இல் ஐன்ஸ்டைன் தன் சிந்தனையின் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டார். அந்த உண்மையை நம் காது பிறந்ததிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறது.

மூன்று நொடியில் 30-இலிருந்து 70 என்றால், முடுக்கம் ஈர்ப்பில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு. கீழே இழுக்கும் ஈர்ப்பையும் பின்னால் அழுத்தும் இந்த விசையையும் கூட்டினால் "கீழே" என்ற திசையே சுமார் 21 பாகை பின்னால் சாய்ந்துவிடும். நாற்காலியோடு யாரோ பின்னால் சாய்ப்பதைப் போன்றது அது. கண் என்ன சொல்கிறது? சாலை மட்டமாக இருக்கிறது என்கிறது. காது வேறு சொல்கிறது. இருட்டில், அடிவானம் தெரியாத வானில் விமானம் கிளம்பும்போது, கண்ணின் சாட்சி இல்லாத விமானிகள் விமானத்தின் மூக்கு மேலே தூக்கிவிட்டதாக நம்பிக் கீழே அழுத்திவிடும் ஆபத்து இதனால்தான் வருகிறது. கருவிகளை மட்டுமே நம்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தனியாகப் பயிற்சி தருகிறார்கள். வயிறு பின்தங்கியதுபோல் எனக்குத் தோன்றிய அந்தக் கணத்தில் என் கண்ணும் காதும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருந்தன.

மூளை போடும் முன்கணக்கு

இதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தபோதும் இதே முடுக்கத்தை அனுபவித்திருந்தேன். பயந்தேன்; சிரிக்கவில்லை. முறுக்கியது என் கை என்னும்போது மட்டும் ஏன் அப்படி ஓர் ஆனந்தம்?

உங்களை நீங்களே கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள். சிரிப்பு வராது. 1998-இல் லண்டனில் சாரா ஜெய்ன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃப்ரித் ஆகிய மூவரும் இதை மூளைப்பட ஆய்வில் சோதித்தார்கள். நாம் கையை அசைக்கும்போது, அசைவின் விளைவு எப்படி இருக்கும் என்று மூளை முன்கூட்டியே ஒரு கணக்குப் போடுகிறது. இதில் பின்மூளையில் உள்ள சிறுமூளைக்குப் பெரிய பங்குண்டு. கணக்கும் விளைவும் ஒத்துப்போனால் மூளை அந்த உணர்வை அமுக்கிவிடும். அடுத்த சோதனையில், கை அசைவுக்கும் தொடுகைக்கும் நடுவே ஓர் இயந்திரத்தை வைத்து மிகச் சிறிய தாமதத்தைப் புகுத்தினார்கள். தாமதம் கூடக்கூட, தன் கையாலேயே கூச்சமும் கூடியது. கணக்கு தப்பும்போது உணர்வு பெருகுகிறது.

என் மணிக்கட்டுக்குப் பன்னிரண்டு வருடக் கணக்கு இருந்தது. இவ்வளவு முறுக்கினால் இவ்வளவு இழுப்பு. கிழவி குழம்புக்கு உப்புப் போடுவதுபோல், அளக்காமலே சரியாக வரும் கணக்கு. அன்றைக்கு அதே முறுக்குக்கு மூன்றரை மடங்கு பதில் வந்தது. மூளை எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவே பெரிய இடைவெளி. அந்த இடைவெளியைத்தான் உடம்பு அதிர்ச்சியாக உணர்ந்தது.

அது ஏன் இனிமையாக இருந்தது என்பதற்கு இன்னொரு ஆய்வு துப்புத் தருகிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு நாக்கில் விழும்போது அந்தச் செல்கள் துள்ளின. விளக்கு எரிந்ததும் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, சாறு வரும்போது துள்ளல் இல்லை. விளக்கைப் பார்த்ததும் துள்ளின. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கத்தைவிட அடங்கிப்போயின. 1997-இல் வெளியான இந்த விளக்கத்தின் சாரம் இது: டோபமைன் செல்கள் கிடைத்ததை அளப்பதில்லை. எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது என்பதை அளக்கின்றன.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முதல் ஓட்டத்தின் பரவசம் வேகத்தில் இல்லை என்பது புலப்படும். அது கணக்குத் தப்பிய இடத்தில் இருக்கிறது. வரலாறும் அதையே சொல்கிறது. 1885-இல் ஜெர்மனியின் கான்ஷ்டாட்டில் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்தில் ஒரு பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தினார்கள். திறன் அரைக் குதிரை. டைம்லரின் மகன் அதை அடுத்த ஊர்வரை ஓட்டிப்போனார். மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர்தான் அதன் உச்ச வேகம். இன்றைக்குச் சைக்கிள் மிதிக்கும் சிறுவன் அதை முந்திவிடுவான். ஆனால் காலால் மிதிக்காமல், குதிரை இழுக்காமல், தானாக ஒரு வண்டி தன்னைச் சுமந்து ஓடும் என்று அதில் ஏறிய உடம்பு அதுவரை கணக்குப் போட்டு வைத்திருக்கவில்லை.

நொடி நீளும் மாயம்

கணக்குத் தப்பியது என்று மூளை உணர்ந்ததும் உடம்பு ஆபத்துக்குத் தயாராகிறது. சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. கண்பாவை விரிகிறது. செரிமான உறுப்புகளிலிருந்து ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது. புலியைக் கண்ட முன்னோருக்கும் இதேதான் நடந்திருக்கும்.

இப்படிப்பட்ட கணங்கள் மிக நீளமாக நினைவில் நிற்கின்றன. அந்த மூன்று நொடியைப் பற்றி நான் இவ்வளவு சொல்ல முடிகிறது. அன்றைக்கு வீடு திரும்பிய மூன்று மணி நேரத்தைப் பற்றி மூன்று வாக்கியம்கூடத் தேறாது. டேவிட் ஈகிள்மன் குழுவினர் 2007-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை வலையில் விழச் செய்து, விழுந்த நேரம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள். பிறர் விழுந்ததற்குச் சொன்ன நேரத்தைவிடத் தாங்கள் விழுந்ததற்கு 36 விழுக்காடு கூடுதலாகச் சொன்னார்கள். ஆனால் விழும்போது அவர்கள் கையில் மின்னிய எண்களைப் படிக்கும் வேகம் கூடவே இல்லை. ஆபத்தில் காலம் மெதுவாவதில்லை. நினைவுதான் அடர்த்தியாகப் பதிகிறது; திரும்பிப் பார்க்கும்போது நீளமாகத் தெரிகிறது.

பெரிய வண்டியில் புதிதாக ஏறும் யாரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். பரவசத்தில் எல்லாம் நிதானமாக நடப்பதாகத் தோன்றும். நம் அனிச்சைச் செயல்கள் ஒரு துளியும் வேகமாகியிருக்காது.

வளைவில் கைக்குத் தெரிந்தது

நேர்ச்சாலையின் இன்பம் முடுக்கம் என்றால், மலைச்சாலையின் இன்பம் சாய்வு. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கு வண்டிக்காரர்கள் தேடிப்போவது இதற்காகத்தான்.

ஒரு கேள்வி. ஓடும் வண்டியை வலப்பக்கம் திருப்ப ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? வலப்பக்கம் என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் சொல்வார்கள். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் அதற்குமுன் சைக்கிள் கடை நடத்தியவர்கள். மூத்தவரான வில்பர் இதைப் பல சைக்கிள்காரர்களிடம் கேட்டுப் பார்த்து, யாருமே தாங்கள் உண்மையில் செய்வதைச் சரியாகச் சொல்லவில்லை என்று குறித்திருக்கிறார். உண்மை என்னவென்றால், வலப்பக்கம் திரும்ப வலக்கைப் பிடியை முன்னால் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் போகும். சக்கரங்கள் இடப்பக்கம் நகர, உடம்பின் பாரம் வலப்பக்கம் சாயும். சாய்ந்த பிறகுதான் சக்கரம் வளைவுக்குள் திரும்புகிறது. சின்ன வயதில் அரை பெடல் போட்டுச் சைக்கிள் பழகியபோதே நம் கை இதைக் கற்றுக்கொண்டது. வாய்க்கு மட்டும் இன்றுவரை தெரியாது.

சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏன் விழாமல் ஓடுகிறது என்பதற்கு, சுழலும் சக்கரம் பம்பரம்போல் நிமிர்ந்து நிற்கும் என்று பாடப்புத்தகங்கள் காரணம் சொல்லும். 2011-இல் கார்னல், டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பர விளைவை நீக்கிவிட்ட ஒரு வண்டியைச் செய்து உருட்டிவிட்டார்கள். அதுவும் விழாமல் ஓடியது. எடை எங்கே இருக்கிறது, ஹேண்டில் எந்தக் கோணத்தில் பொருந்தியிருக்கிறது என எல்லாம் சேர்ந்துதான் அந்த நிலைத்தன்மை வருகிறது.

சாய்வுக்கு ஒரு சூத்திரம் உண்டு. அதன் விடைகளை மட்டும் பாருங்கள். 50 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 14 பாகை சாய்ந்தால் போதும். 60-இல் ஏறக்குறைய 30 பாகை. 80-இல் 45 பாகை. வேகம் இரண்டு மடங்கு, சாய்வு மூன்று மடங்கு. 45 பாகையில் டயர்கள் பக்கவாட்டில் வண்டியும் நாமும் சேர்ந்த முழு எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும். தாங்குவது எது? சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு ரப்பர்ப் பரப்பு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுக்குள். நல்ல காய்ந்த சாலையில் நல்ல டயர் அந்த எல்லையை ஒட்டித்தான் தாங்கும். கொஞ்சம் மணல், ஒரு சொட்டு டீசல், மழையில் நனைந்த வெள்ளைக் கோடு போதும், அது நழுவிவிடும்.

இரண்டாம் மாதம்

பரவசத்தின் மூலம் கணக்குத் தவறு என்றால், அதன் ஆயுளும் குறைவுதான். சிறுமூளை சோம்பேறி அல்ல. சில நாளில் புதுக் கணக்கை எழுதிக்கொள்ளும். அக்கா மகனே அன்றைக்கு டீக்கடையில் சொன்னான்: "மொத வாரம் இருந்த மாதிரி இப்ப இல்ல மாமா. எழுபதுல போனா நிக்கிற மாதிரி இருக்கு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதத் தொடங்கினேன். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. துள்ளல் அடங்கியதும், அதைத் திரும்பப் பெற இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இன்னும் முறுக்குவது. 70 அலுத்தால் 90, அது அலுத்தால் 120. கண்ணும் இதற்குத் துணை போகும். நெடுஞ்சாலையில் நெடுநேரம் வேகமாகப் போனவருக்கு, ஊருக்குள் வரும்போது 60 கிலோமீட்டர்கூட ஊர்வதுபோல் தெரியும்.

மூளை பழகிக்கொள்ளும், இயற்பியல் பழகிக்கொள்ளாது. குறுக்கே ஒரு மாடு வருவதைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் 14 மீட்டர் போயிருப்போம். நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 14 மீட்டர். மொத்தம் 28. அதே ஆள் 100-இல் போனால் யோசிக்கும் நொடியில் 28 மீட்டர், நிற்க 55 மீட்டர். மொத்தம் 83. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது.

புதிதாக ஏறுபவருக்கே உரிய இன்னொரு விபரீதம் உண்டு. வண்டி எதிர்பாராமல் பாய்கிறது. உடம்பு பின்னால் போகிறது. பிடியைப் பற்றியிருக்கும் கை உடம்போடு பின்னால் இழுபடுகிறது. மணிக்கட்டு இன்னும் கீழே மடங்குகிறது. அதாவது ஆக்ஸிலரேட்டர் இன்னும் திறக்கிறது. பயம் கூடக்கூட வண்டி வேகம் பிடிக்கும். மருந்து எளியது. முழங்கால்களால் டேங்கைக் கவ்விக்கொண்டு, முழங்கையை மடக்கி, மணிக்கட்டைத் தாழவிடாமல் உட்கார வேண்டும். உடம்பின் பாரத்தைத் தொடைகள் தாங்கினால் கை ஹேண்டிலில் தொங்காது.

அந்தத் துள்ளலைத் திரும்பப் பெறுவதற்கான இரண்டாவது வழி இதுதான்: திறமையைத் துரத்துவது. ஆளில்லாத மைதானத்தில் 40-இல் போய், முன்பிரேக்கை மெல்ல அழுத்தி, பிறகு இறுக்கி, வண்டியை நேராக நிறுத்திப் பழகுங்கள். முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால், சாலையை அதிகம் பிடித்துக்கொள்வது முன்டயர்தான்; நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி அதனுடையது. சட்டென்று அறைவதுபோல் பிடித்தால்தான் ஆபத்து. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். தூரத்தைக் கணிக்கும் வேலை நம்முடையதே. 40-இல் 12 மீட்டரில் நின்ற வண்டியைப் பயிற்சியால் 10 மீட்டரில் நிறுத்தும்போது ஒரு மகிழ்ச்சி வருகிறது. மூளை எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்துவிட்டது என்பதற்கான மகிழ்ச்சிதான் அது. முதல் நாள் துள்ளலுக்கு அது தூரத்து உறவு இல்லை, உடன்பிறப்பு.

ஒரு மருத்துவர் கற்ற பாடம்

அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ், சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிளின் பரவசத்தை எழுத்தில் வடித்த முன்னோடிகளுள் ஒருவர். போர் விமானத்தோடு போட்டி போட்டு ஓட்டியதை அவர் பதிவு செய்திருக்கிறார். அவரிடம் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பிரஃப் சுப்பீரியர் வண்டிகள் இருந்தன. அக்காலத்தில் 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடிய ரகம். 1935 மே 13 அன்று, இங்கிலாந்தில் தன் வீட்டுக்கு அருகே, சாலையின் ஒரு தாழ்வில் கண்ணுக்கு மறைந்திருந்த இரண்டு சைக்கிள் சிறுவர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் கழித்து இறந்தார். வயது 46.

அவருக்குச் சிகிச்சை தந்தவர்களில் ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர் ஒருவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கி, 1941-இல் ஹெல்மெட்டின் அவசியத்தை வலியுறுத்தும் கட்டுரையை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் பணியில் இருக்கும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

ஹெல்மெட் செய்யும் வேலையை ஒரு கணக்கில் பார்க்கலாம். நின்ற உயரத்திலிருந்து தலை தரையில் விழுந்தாலே அதன் வேகம் மணிக்குச் சுமார் 21 கிலோமீட்டர். வெறுந்தலை 2 மில்லிமீட்டருக்குள் நின்றுபோனால், அது தாங்கும் அதிர்ச்சி ஈர்ப்பைப்போல் சுமார் 850 மடங்கு. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் 2 சென்டிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால் அது 85 மடங்காகிறது. பத்தில் ஒரு பங்கு. வெளியோட்டின் பளபளப்பு நம்மைக் காப்பதில்லை. உள்ளே நசுங்கத் தயாராக இருக்கும் அந்த வெள்ளைப் படலம்தான் காக்கிறது. ஒரு தடவை நசுங்கியது திரும்ப எழாது. அதனால்தான் ஒரு விபத்தைச் சந்தித்த ஹெல்மெட்டை மாற்றிவிடச் சொல்கிறார்கள். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் சாவின் வாய்ப்பை 42 விழுக்காடும், தலைக்காயத்தின் வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பது தெரியவந்தது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

இந்த எண்களை யாருடைய மகிழ்ச்சியையும் கெடுக்க எழுதவில்லை. அந்த உப்பளச் சாலையில் கிடைத்த மூன்று நொடியை நான் யாருக்கும் மறுக்க மாட்டேன். உடம்பு, இயந்திரம், பூமியின் ஈர்ப்பு மூன்றும் ஒரு மணிக்கட்டில் சந்திப்பது அரிய அனுபவம். எல்லோருக்கும் ஒரு தடவையாவது வாய்க்க வேண்டும்.

நீங்களோ உங்கள் பிள்ளையோ பெரிய வண்டி ஒன்றில் முதல்முறையாக ஏறும் நாள் வந்தால், இவற்றை மட்டும் செய்யுங்கள். முதல் 500 கிலோமீட்டரை மணிக்கட்டின் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கை அழித்துப் புதுக் கணக்கு எழுத அதற்கு நேரம் கொடுங்கள். கூட்டமில்லாத சாலையில், வெளிச்சத்தில் ஓட்டுங்கள். முறுக்கப் பழகுவதற்கு முன்பே நிறுத்தப் பழகுங்கள். ஹெல்மெட்டின் வாரை மாட்டிய பிறகு சாவியைத் திருப்புங்கள்.